பிறருக்குச் செய்து கொடுக்க எந்த போர்டு வாங்கலாம்?

ஆர்டுயினோ, இஎஸ்பி32, பிக்கோ மாதிரியான சின்ன மைக்ரோ கன்ட்ரோலர் போர்டுகளை (புரோகிராம் ஏற்றினால் மணி, விளக்கு, சுவிட்ச் போன்றவற்றை இயக்கும் குட்டி கம்ப்யூட்டர் அட்டைகளை) பற்றி இந்த முறை நிறைய கடிதங்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் தங்களுக்காகக் கேட்கவில்லை. பாட்டிக்கு, பக்கத்து வீட்டுப் பையனுக்கு, பார்வையற்றோர் பள்ளிக்கு என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்தத் தடவை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: பாட்டிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் அசைவில்லை. பேச்சும் தெளிவாக வரவில்லை. ராத்திரியில் எங்களைக் கூப்பிட ஒரு மணி செய்து தர ஆசை. டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆர்டுயினோ ஊனோ வாங்கட்டுமா, இஎஸ்பி32 வாங்கட்டுமா? (கும்பகோணம் வாசகர்)

முதலில் எந்த போர்டும் வாங்காதீர்கள். எலக்ட்ரிக்கல் கடையில் ஒயர்லெஸ் காலிங் பெல் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை இன்றைக்கே வாங்கி, பொத்தானைப் பாட்டியின் இடது கையில் கொடுத்துப் பாருங்கள். கட்டை விரலால் அழுத்த முடிந்தால் இன்று இரவே உங்கள் பிரச்சினை தீர்ந்தது.

அழுத்த முடியவில்லையா? அந்தப் பொத்தானைத் திருகு கழற்றித் திறங்கள். உள்ளே குட்டி சுவிட்ச் ஒன்று இருக்கும். அதன் இரண்டு கால்களிலும் ஆளுக்கொரு ஒயரை சால்டர் செய்து வெளியே கொண்டுவந்து, பெரிய சுவிட்ச் ஒன்றில் சேர்த்துவிடுங்கள். நீளமான லீவர் வைத்த மைக்ரோ சுவிட்ச் நல்லது. விரல் லேசாகப் பட்டாலே 'டிக்' என்று சத்தம் கேட்கும், அழுத்தம் பதிந்தது பாட்டிக்கே தெரியும். இஎஸ்பி32 போர்டில் தொட்டாலே உணரும் பின்கள் இருப்பது உண்மைதான். ஆனால் வேர்வை, ஈரம், எந்த சார்ஜரில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து அந்த அளவீடு மாறிக்கொண்டே இருக்கும். படுக்கையில் கிடப்பவருக்கு அதை நம்பி வைக்க எனக்கு மனம் வராது.

போர்டு எப்போது தேவைப்படும் என்றால், மணி வேலை செய்கிறதா இல்லையா என்பது உங்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்னும்போது. கடை பெல்லில் பேட்டரி தீர்ந்தால் யாருக்கும் தெரியாது. இரண்டு இஎஸ்பி32 போர்டுகள் வாங்கினால் ஒன்று பாட்டியிடம், ஒன்று கூடத்தில். இஎஸ்பி-நவ் என்ற முறையில் அவை இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். ரௌட்டரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். பத்து விநாடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று பாட்டி பக்கத்து போர்டு சொல்லட்டும். ஒரு நிமிடம் அந்தச் செய்தி வரவில்லை என்றால் கூடத்து போர்டு பீப் அடிக்கட்டும். ஊனோ ஆர்3 போர்டில் ஒயர்லெஸ் கிடையாது, தனியாக மாட்ட வேண்டும். எனவே உங்களுக்கு இஎஸ்பி32தான்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் பெரியம்மாவுக்கு இப்படி ஒரு மணி செய்து கொடுத்தேன். சால்டர் செய்யாமல் ஒயரைக் குத்தி மட்டும் வைக்கும் பிரெட்போர்டில் ஜம்பர் ஒயர் குத்தி, ஒரு ஸ்வீட் டப்பாவுக்குள் வைத்து, கட்டிலில் கட்டியிருந்தேன். மூன்று வாரம் நன்றாக ஓடியது. ஒருநாள் காலையில் பெட்ஷீட் மாற்றியபோது ஒயர் ஒன்று பாதி கழன்றிருக்கிறது. அன்று ராத்திரி பெரியம்மா பலமுறை அழுத்தியிருக்கிறார், யாரும் வரவில்லை. காலையில் ஈரத்துணியோடு கிடந்தவரைத்தான் பார்த்தோம். போர்டில் ஒரு கோளாறும் இல்லை, போனது ரெண்டு ரூபாய் ஒயர்.

அதனால் போர்டுக்குச் செலவழிப்பதைவிட மற்றவற்றுக்குச் செலவழியுங்கள். பிரெட்போர்டில் விடாமல் துளைகள் போட்ட வெறும் பலகையான ஜீரோ பிசிபியில் சால்டர் செய்யுங்கள். ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒயரை இறுக்கிப் பிடிக்கும் கேபிள் கிளாண்ட் போடுங்கள், இல்லையென்றால் உள்பக்கம் ஒரு முடிச்சாவது. சுவிட்சை 3.5 மி.மீ. ஜாக் வழியாக இணையுங்கள். துணி மாற்றுகிறவர் பிடுங்கிவிட்டுத் திரும்பக் குத்திக்கொள்ள முடியும்.

அப்புறம் மின்சாரம். கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்று பவர் பேங்க் வாங்கப் போவீர்கள். போர்டைத் தூங்க வைக்கும் புரோகிராம் எழுதினால், அது இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைந்துவிடும். எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணிப் பல பவர் பேங்க்குகள் தானாக அணைந்துவிடும். ரௌட்டருக்குப் போடும் மினி யுபிஎஸ் பாருங்கள், 5 வோல்ட் வெளியீடு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. மூளை முடக்குவாதம். டேப்லெட்டில் படங்களைத் தொட்டுப் பேசும் ஆப் வைத்திருக்கிறோம், ஆனால் விரல் சரியான இடத்தில் படவில்லை. ஒரே ஒரு சுவிட்சால் அதை இயக்கலாம் என்கிறார்கள். வெளிநாட்டுக் கருவி விலை கட்டவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி ஊனோ போர்டில் செய்து தருகிறேன் என்கிறார். நம்பலாமா? (தாய், சேலம்)

தம்பியை நம்பலாம். போர்டை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வேண்டியது, டேப்லெட்டிடம் 'நான் ஒரு கீபோர்டு' என்று சொல்லிக்கொள்ளும் போர்டு. பழைய ஊனோ ஆர்3 அதை நேரடியாகச் செய்யாது. புரோ மைக்ரோ என்ற பெயரில் கிடைக்கும், ஏடிமெகா32யு4 சிப் உள்ள போர்டு செய்யும். ராஸ்பெர்ரி பை பிக்கோவும் செய்யும். ஒயர் இல்லாமல் புளூடூத்தில் வேண்டும் என்றால் இஎஸ்பி32. இதிலும் ஒரு சிக்கல்: இஎஸ்பி32-எஸ்2 என்று எழுதியிருந்தால் அதில் புளூடூத் கிடையாது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

ஆண்ட்ராய்டில் 'சுவிட்ச் அக்சஸ்', ஐபேடில் 'சுவிட்ச் கன்ட்ரோல்' என்ற வசதிகள் உண்டு. அதை இயக்கினால் திரையில் உள்ள படங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய படம் வரும்போது பிள்ளை அழுத்தினால் போதும். சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற பேச்சு ஆப்களை வைத்திருப்பவர்கள் இதைத் தங்கள் தெரபிஸ்டிடம் கேட்டுச் செய்வது நல்லது. சுவிட்சை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. கை, முழங்கால், தலையின் பக்கவாட்டு என்று எந்த அசைவு பிள்ளையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

தம்பியிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். சுவிட்ச் குத்துமிடம் 3.5 மி.மீ. மோனோ ஜாக்காக இருக்கட்டும். உலகம் முழுக்க இந்த வகை சுவிட்சுகளுக்கு அதுதான் வழக்கம். பிற்காலத்தில் நல்ல சுவிட்ச் ஒன்று கிடைத்தால் அப்படியே குத்திக்கொள்ளலாம். இன்னொன்று, கை உதறலில் ஒரே அழுத்தம் நாலு அழுத்தமாகப் பதியும். ஒருமுறை அழுத்தியபின் அரை விநாடிக்கு எதையும் ஏற்காதே என்று புரோகிராமில் எழுதச் சொல்லுங்கள். அந்த அரை விநாடியைக் கூட்டிக் குறைக்கப் பெட்டியில் ஒரு திருகு குமிழ் இருந்தால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம், ஒவ்வொரு தடவையும் தம்பியைக் கூப்பிட வேண்டாம்.

கேள்வி: ரிச்சி தெருவில் ஒரே ஊனோ போர்டை இரண்டு விலையில் விற்கிறார்கள். விலை குறைந்தது போலியா? சேவைக்காகச் செய்யும் வேலையில் அதைப் போடுவது தப்பா? (சென்னை வாசகர்)

தப்பில்லை. ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் தொடங்கியது. போர்டின் வரைபடத்தை யாரும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்றே வெளியிட்டார்கள். வேறு பெயரில் அதே வரைபடத்தில் செய்து விற்பது நியாயமான வியாபாரம். ஆர்டுயினோ பெயரையும் லோகோவையும் அச்சடித்து, அசல் என்று சொல்லி விற்றால் அதுதான் போலி. முதல் வகையை வாங்குங்கள், இரண்டாவதைத் தொடாதீர்கள்.

விலை குறைந்த போர்டுகளில் யுஎஸ்பி பக்கம் பெரும்பாலும் சிஎச்340 சிப் இருக்கும். கம்ப்யூட்டரில் அதற்கான டிரைவர் போட வேண்டி வரலாம், மற்றபடி குறையில்லை. ஒன்று வாங்காதீர்கள், ஒரே சரக்கில் மூன்று வாங்குங்கள். ஒன்றைச் சோதனைக்கு வையுங்கள், ஒன்றைக் கொடுங்கள், மூன்றாவதில் புரோகிராமை ஏற்றி அதே பெட்டிக்குள் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நீங்கள் வேலைக்கு பெங்களூரு போனபிறகு யாராவது மாற்றிப் போட்டுக்கொள்வார்கள்.

கேள்வி: முதியோர் இல்லத்துக்கு அவசர விளக்கு செய்ய ஆன்லைனில் நான்கு இஎஸ்பி32 போர்டும், 9900 எம்ஏஎச் என்று போட்ட 18650 செல் எட்டும் வாங்கினேன். இரண்டு போர்டு கம்ப்யூட்டரில் தெரியவே இல்லை. செல்கள் ஒரு மணி நேரம் கூடத் தாங்கவில்லை. 'எலக்ட்ரானிக்ஸ் பாகங்களுக்கு ரிட்டர்ன் இல்லை' என்கிறார்கள். (மதுரை வாசகர்)

போர்டுகளை முதலில் இன்னொருமுறை பாருங்கள். யுஎஸ்பி கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் உண்டு, அவற்றில் டேட்டா ஒயரே இருக்காது. புரோகிராம் ஏற்றும்போது 'பூட்' பொத்தானை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். இறந்துவிட்டதாக என்னிடம் கொண்டுவரும் போர்டுகளில் பாதி இதிலேயே எழுந்துவிடும். அதற்குப் பிறகும் எழவில்லை என்றால் விற்றவரைக் கேளுங்கள்.

செல்களில் சந்தேகமே வேண்டாம். எம்ஏஎச் என்பது செல் எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்ற அளவு. 18650 என்ற அந்த உருளை வடிவ லித்தியம் செல்லில் நல்ல கம்பெனிகள் தருவதே 3,500 எம்ஏஎச் சுற்றுவட்டம்தான். 9900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும், இவை பெரும்பாலும் அதைவிட லேசாக இருக்கும். எடையைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நேரடிக் கடைக்கும் இது ஓரளவு பொருந்தும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில்லில் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்றிருக்கிறது. பில் தர மறுப்பதும் அப்படியே.

நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மறுவிற்பனைக்கு வாங்கியவர் நுகர்வோராக மாட்டார். நீங்கள் இலவசமாகச் செய்து கொடுக்கத்தான் வாங்கியிருக்கிறீர்கள், அந்தத் தடை உங்களுக்கு இல்லை.

அந்த எட்டு செல்லையும் இல்லத்தில் மாட்டாதீர்கள், மாட்டியிருந்தால் இன்றே கழற்றுங்கள். தீப்பிடித்தால் எழுந்து ஓட முடியாதவர்கள் படுத்திருக்கும் அறை அது.

கேள்வி: அனாதை இல்லத்தில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் 1 எச்பி மோட்டார் தானாக நிற்க வேண்டும். 10 ஆம்பியர் ரிலே மாட்யூல் போதுமா? (திருநெல்வேலி வாசகர்)

போதாது. ரிலே என்பது போர்டு சொன்னபடி மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச். மோட்டார் ஓடும்போது இழுப்பது 10 ஆம்பியருக்குள் இருக்கலாம். கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. பிள்ளைகள் ஈரக் கையோடு நடமாடும் இடம் வேறு. மோட்டாரை நிறுத்தும் வேலையைக் கடையில் கிடைக்கும் வாட்டர் லெவல் கன்ட்ரோலரிடம் விடுங்கள், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மாட்டட்டும். உங்கள் போர்டு தொட்டி நிரம்பியதைச் சத்தம் போட்டுச் சொல்லட்டும், அதற்கு 5 வோல்ட் போதும்.

கேள்வி: நாங்கள் நான்கு பொறியியல் மாணவர்கள். பார்வையற்றோர் பள்ளிக்கு 25 ஸ்மார்ட் கைத்தடி செய்து தரப் போகிறோம். அல்ட்ராசோனிக் சென்சார் மொத்தமாக எங்கே மலிவு? (கோவை)

25 வாங்காதீர்கள் தம்பிகளே. ஒன்று வாங்குங்கள்.

நீங்கள் மனதில் வைத்திருப்பது எச்.சி.-எஸ்ஆர்04 சென்சாராக இருக்கும், ஒலியை அனுப்பி அது எதிரொலித்து வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளப்பது. 2 செ.மீ.யிலிருந்து 4 மீட்டர் வரை அளக்கும் என்று எழுதியிருப்பார்கள். சுவருக்கு நேராக நின்றால் அளக்கும். சாய்வான பரப்பு, தொங்கும் புடவை, ஆட்டு முதுகு எல்லாம் ஒலியைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. மழையும் தாங்காது. அதைவிட முக்கியம், வெறும் வெள்ளைக் கைத்தடியே தரையில் உள்ள பள்ளத்தையும் படியையும் நன்றாகச் சொல்லிவிடும். அது தவறவிடுவது இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பவற்றை: லாரியின் பின்பக்கம், தாழ்ந்த கிளை, திறந்த ஜன்னல். டில்லி ஐஐடியில் உருவாகி 2014இல் வெளிவந்த ஸ்மார்ட்கேன் முழங்காலுக்கு மேலே உள்ளதைப் பார்ப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதையும் பயன்படுத்துபவர்களோடு பல வருடம் உட்கார்ந்துதான் செய்தார்கள்.

ஒரு தடி செய்து பள்ளிக்குக் கொண்டுபோங்கள். பெரிய வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்து, பஸ் நிறுத்தம் வரை கூடவே நடங்கள். தடியின் நுனியில் பேட்டரி கனத்தால் மணிக்கட்டு எவ்வளவு சீக்கிரம் வலிக்கிறது என்று அவரே சொல்வார். பஸ் இரைச்சலில் பஸ்ஸர் காதில் விழுகிறதா, அதிர்வு போதுமா என்றும் சொல்வார். அப்படியே விடுதிக்குள் போய், தினமும் எதில் சிரமப்படுகிறீர்கள் என்று கேளுங்கள். சூடான டீ ஊற்றும்போது டம்ளர் நிரம்பியது தெரியவில்லை என்று யாராவது சொல்லக்கூடும். விளிம்பில் மாட்டும் இரண்டு கம்பி, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பஸ்ஸர், ஒரு பட்டன் செல். அதற்கு போர்டே வேண்டாம். அது வேண்டும் என்று அவர்கள் கேட்டால் 25 செய்யுங்கள். பட்டன் செல் இருக்கும் மூடி மட்டும் திருகு போட்டதாக இருக்கட்டும், சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிடக் கூடாது.