மைக்ரோகண்ட்ரோலருக்குள்ளேயே ஆப்-ஆம்ப் இருந்தால் தனி ஐசி வாங்க வேண்டாமா?

கேட்டவர் ஏவிஆர்128டிபி28 என்ற மைக்ரோகண்ட்ரோலர் சிப்பைப் பார்த்திருக்கிறார். அதற்குள் இரண்டு ஆப்-ஆம்ப் (சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கித் தரும் சுற்று) இருப்பதால் தெர்மோகப்பிள் (வெப்பத்தை மின்னழுத்தமாகத் தரும் கம்பி ஜோடி), மைக், எடை சென்சார் எல்லாவற்றையும் நேரடியாக மாட்டிவிடலாமா என்பது கேள்வி. சென்சார் தரும் மின்னழுத்தம் எவ்வளவு, அது நிலையாக நிற்கிறதா, ஆடுகிறதா என்பதைப் பொறுத்தது. இரண்டு பக்கமும் அடி வாங்கியவன் என்பதால் சொல்கிறேன்.

நான் இருப்பது கோத்தகிரிப் பக்கம். ஒரு எட்டுக்கால் ஐசி வேண்டுமென்றாலும் கீழே கோவைக்குப் போக வேண்டும், இல்லை கூரியருக்குக் காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. அதனால் ஒரே சிப்பில் எல்லாம் என்றதும் எனக்கு ஆசை வந்தது.

முதலில் மாட்டியது சித்தப்பாவின் தேயிலை உலர்த்தும் பெட்டியில். வீட்டிலேயே கையால் உருட்டிக் கொஞ்சம் தேயிலை செய்கிறார். கே வகைத் தெர்மோகப்பிள், உள் ஆப்-ஆம்பில் 16 மடங்கு பெருக்கம். தெர்மோகப்பிள் இரு முனைகளின் வெப்ப வித்தியாசத்தை மட்டுமே தரும் என்பதால், அறை வெப்பத்தைத் தனியாக ஒரு தெர்மிஸ்டரில் (வெப்பத்தால் தடை மாறும் ரெசிஸ்டர்) அளந்து கூட்டிக்கொண்டேன். மாட்டி முடித்ததும் சித்தப்பா கேட்டார்: “என்னடா இது, இன்னும் அடுப்பே பத்த வைக்கல, 79 டிகிரி காட்டுது?”

அறை வெப்பம் 18 டிகிரிதான். தெர்மோகப்பிளைக் கழற்றி இன்புட்டைத் தரையோடு ஷார்ட் செய்து பார்த்தேன். பூஜ்யம் வர வேண்டிய அவுட்புட்டில் 40 மில்லிவோல்ட். 16-ஆல் வகுத்தால் 2.5 மில்லிவோல்ட். அதுதான் ஆப்-ஆம்பின் ஆஃப்செட், அதாவது இன்புட்டில் ஒன்றும் இல்லாதபோதும் அதுவாகச் சேர்க்கும் பொய் மின்னழுத்தம். கே வகை ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட். கணக்குப் போட்டால் 61 டிகிரி பொய்.

சரி, புரோகிராமில் கழித்துவிடலாம் என்று கழித்தேன். காலையில் சரியாக இருந்தது. மதியம் பெட்டி சூடாகி சர்க்யூட்டும் சூடானதும் மறுபடி நழுவியது. ஆஃப்செட் வெப்பத்தோடு நகரும். டிகிரிக்கு 10 மைக்ரோவோல்ட் நகர்ந்தாலே, 25 டிகிரி ஏற்றத்துக்கு 6 டிகிரி பிழை. கடைசியில் தெர்மோகப்பிளுக்கென்றே உள்ள மேக்ஸ்6675 ஐசியை வாங்கி வைத்தேன், அறை வெப்பத் திருத்தத்தையும் அதுவே செய்துகொள்கிறது. எடை சென்சாருக்கும் இதே கதைதான். 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கே 10 மில்லிவோல்ட்தான் வரும், அதில் 2.5 ஆஃப்செட் என்றால் என்ன மிஞ்சும்? எடை சென்சாருக்கென்றே உள்ள எச்எக்ஸ்711 ஐசியை வாங்கிவிடுங்கள்.

ஆனால் அதே சிப் இன்னொரு இடத்தில் அருமையாக வேலை செய்கிறது. எங்கள் தோட்டத்துக்கு ராத்திரியில் காட்டெருமை வரும். கேட் பக்கத்தில் ஒரு தட்டைக் கல்லுக்கு அடியில் பஸ்ஸரில் வரும் பீசோ தட்டு (அதிர்ந்தால் மின்னழுத்தம் தருவது) ஒன்றை வைத்தேன். நமக்கு வேண்டியது அதிர்வு மட்டும், நிலையான அளவு இல்லை. அதனால் ஆஃப்செட் எவ்வளவு இருந்தாலும் கவலை இல்லை. மைக்குக்கும் அப்படித்தான். முதல் ஆப்-ஆம்ப் 3.3 வோல்ட்டில் பாதியான 1.65-ஐ உண்டாக்கித் தருகிறது, இரண்டாவது அதைச் சுற்றி 16 மடங்கு பெருக்குகிறது. பெருக்கத்துக்கான ரெசிஸ்டர்களும் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன. வெளியே பீசோவும், 1.65-க்கு இழுக்கும் ஒரு 1 மெகாஓம் ரெசிஸ்டரும்தான். பீசோ 20 நானோஃபாரட் என்றால் 8 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளவை தானாக வடிகட்டப்படும். காலடிக்கு அது போதும்.

ஒரு சிப் மட்டும் போனது. பக்கத்து வீட்டுப் பையன் கல் மேல் குதித்தான். பீசோவை அடித்தால் பத்துக்கணக்கில் வோல்ட் வரும் என்பது எனக்குத் தெரியும், சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன். தனி ஐசி என்றால் அது மட்டும் செத்திருக்கும். இங்கே எல்லாமே சேர்ந்து போய்விட்டது. இப்போது பீசோவுக்கும் சிப்புக்கும் நடுவே வரிசையில் ஒரு 100 கிலோஓம் ரெசிஸ்டர், சிப்பின் காலிலிருந்து சப்ளைக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என டையோடு.

அப்புறம் மூடுபனி. இதைச் சமவெளியில் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். நவம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேகம் இறங்கியதும் அவுட்புட் பூஜ்யத்தில் ஒட்டிக்கொள்ளும், மறுநாள் வெயில் பட்டால் சரியாகும். சால்டரிங்கில் ஈயம் ஒட்டத் தடவும் ஃப்ளக்ஸ் பசையின் மிச்சம் ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கசியவிட்டது. தரைக்கு 10 மெகாஓம் கசிவு இருந்தாலே 1.65 என்பது 1.5 ஆகும், அந்த 0.15 பதினாறு மடங்கானால் 2.4 வோல்ட். பீசோ சேரும் அந்த இன்புட் புள்ளியில் மல்டிமீட்டரை வைத்துத் தேடாதீர்கள், மீட்டரின் உள்தடையே 10 மெகாஓம்தான், அதுவும் இதே பொய்யைச் சொல்லும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் போர்டைத் தேய்த்துக் கழுவி, நெயில் பாலிஷ் இரண்டு கோட் அடித்ததும் தீர்ந்தது. உள் ரெசிஸ்டர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, ஈரம் படுவதற்கு அங்கே வெளிக்கம்பி கிடையாது. எங்கள் ஊர் ஆட்களுக்கு உள் ஆப்-ஆம்பின் பெரிய லாபம் இதுதான் என்பேன்.

தனியாக விற்கும் எல்எம்358 ஆப்-ஆம்ப் ஐசி போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதன் ஆஃப்செட்டும் சில மில்லிவோல்ட்தான், ஒன்றும் உசத்தி இல்லை. போதாக்குறைக்கு மேல்பக்கம் ஒன்றரை வோல்ட் வரை விட்டுவிடும், 3.3-இல் ஓட்டினால் 1.8-க்கு மேல் ஏறாது. தனி ஐசிதான் வேண்டுமென்றால் எம்சிபி6002 பாருங்கள்.