இலங்கை விழுந்தது இலவசத்தாலா?

கேள்வி: "பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், பஸ்ஸில் இலவசம், ரேஷனில் இலவச அரிசி… இப்படியே போனால் தமிழ்நாடும் இலங்கை மாதிரி திவாலாகிவிடும்" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் தினமும் எழுதுகிறார். உங்கள் கருத்து?
- ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: அந்த நண்பர் இலங்கையைக் கையில் எடுத்ததால், அங்கே என்ன நடந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்ச ஜனாதிபதி ஆனார். வந்த சில வாரங்களிலேயே வாட் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறங்கியது. ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்தால் வாட் கட்ட வேண்டும் என்றிருந்த வரம்பு 30 கோடிக்கு ஏறியது. சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடிப்பதும் நின்றுபோனது. 2019இல் நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்துக்கு மேல் இருந்த அரசு வருமானம், 2021இல் 8 சதவீதச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் கொரோனா. சுற்றுலா படுத்தது, டாலர் வரத்து வற்றியது. ஏற்கெனவே துறைமுகம், விமான நிலையம், நெடுஞ்சாலை என்று டாலரில் வாங்கிக் குவித்த கடன் கழுத்தில் இருந்தது. வருமானத்தை இப்படிக் கைவிட்ட அரசுக்குப் புதுக்கடன் கொடுக்க வெளியில் ஆள் இல்லை. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை போட்டு நெல்லையும் தேயிலையையும் கெடுத்தார்கள். 2022 ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அறிவித்துவிட்டார்கள்.

இந்தக் கதையில் ஏழைக்குக் கொடுத்த அரிசியால் வந்த வினை எங்கேயும் இல்லை. இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் அந்த நாட்டில் எழுபது வருடத்துக்கும் மேலாக இருக்கின்றன. அரிசி மானியத்தை வெட்டிய கதையும் அங்கே உண்டு. 1953இல் 25 சதமாக (சதம் என்பது அங்கே நம்ம ஊர் பைசா மாதிரி) இருந்த ஒரு கொத்து, அதாவது ஒரு படி அளவு, அரிசியின் விலையை 70 சதமாக்கினார்கள். ஆகஸ்ட் 12 அன்று நாடே ஹர்த்தாலில், அதாவது வேலைநிறுத்தம், கடையடைப்பில், இறங்கியது. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூட வேண்டிய நிலை. பிரதமர் டட்லி சேனநாயக்க அதே வருடம் பதவி விலகினார்.

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம். ஒரு மாநிலம் தானாகப் போய் டாலர் பத்திரம் விற்று வெளிநாட்டில் கடன் வாங்க முடியாது. எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு மத்திய அரசின் உச்சவரம்பு உண்டு. அதனால் இலங்கை ஒப்பீடு அடிப்படையிலேயே பொருந்தவில்லை.

அதற்காக எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குகிற நிலை இங்கே பல வருடமாக இருக்கிறது, அது எனக்குக் கவலைதான். 2025-26 பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கு வருமானம் போதாமல் விழுகிற துண்டு, 41,635 கோடி ரூபாய். மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி, பெண்களின் பஸ் பயணத்துக்கு 3,600 கோடி. இரண்டையும் நாளைக்கே நிறுத்தினாலும் பள்ளத்தில் பாதிகூட நிரம்பாது. மீதி எங்கே போகிறது? வட்டிக்கு மட்டும் சுமார் 70,000 கோடி. அப்புறம் சம்பளம், ஓய்வூதியம், மின்வாரியத்தின் நஷ்டம். 2021இல் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநிலத்தின் நிதி நிலைமை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: மாநிலத்தின் சொந்த வரி வருமானம் பொருளாதாரத்தின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்காமல் சரிந்ததை அது முக்கியக் காரணமாகவே சொன்னது. இங்கேயும் நோய் வரவுப் பக்கத்தில்தான் பெரிதாக இருக்கிறது.

கொடுத்த பணம் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்க வரும் அக்கா முன்பு ஒரே இடத்தில்தான் வேலை பார்த்தார். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இன்னொரு வேலை கிடைத்தும், டிக்கெட் காசுக்குக் கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார். பஸ் இலவசமான பிறகு அந்த வேலைக்கும் போகிறார். மாதம் 15ஆம் தேதி பணம் ஏறியதும் அவர் நேரே போவது தெருமுனை மளிகைக் கடைக்கு. கடைக்காரர் கடன் நோட்டை எடுத்து, அவருடைய பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போடுகிறார். மறுநாள் அந்தக் கடைக்காரர் மொத்த வியாபாரிக்குப் பாக்கி கொடுக்கிறார். அரசுக்கும் ஜிஎஸ்டியாக அதில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. இல்லாதவர் கையில் போகிற ரூபாய் ஒரே வாரத்தில் நாலு கை மாறிவிடும். 2019 செப்டம்பரில் மத்திய அரசு கம்பெனிகளின் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தது. வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் குறையும் என்று அரசே கணக்குச் சொன்னது. அதை யாரும் இலவசம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

வெட்ட வேண்டிய செலவும் இருக்கிறது. 2016இலிருந்து வீட்டு இணைப்பு எல்லாவற்றுக்கும் முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம். குடிசைக்கும் உண்டு, மூன்று ஏசி ஓடுகிற வீட்டுக்கும் உண்டு. எனக்கும் வருகிறது, எனக்கு அது தேவையில்லை. உங்கள் நண்பருக்கும் நிச்சயம் வருகிறது. அடுத்த முறை மின் கட்டணம் கட்டும்போது அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுக் குழுவில் எழுதச் சொல்லுங்கள்.