சீஸின் வெள்ளைத் தோலைச் சாப்பிட்டுவிட்டேன்… கருவுக்கு ஆபத்தா?

கேள்வி: பாரிஸில் இருக்கிறேன். ஐந்தாம் மாதம். போன வாரம் தோழி வீட்டில் கமாம்பேர் சீஸை வெள்ளைத் தோலோடு சாப்பிட்டேன். அது பூஞ்சையாம்! எனக்குப் பென்சிலின் ஒவ்வாமை உண்டு. வயிறும் உப்புசமாக இருக்கிறது. இணையத்தில் படித்துப் பயந்துபோய், வீட்டில் மிச்சமிருந்த அசித்ரோமைசினை நேற்றிலிருந்து போடுகிறேன். கருவுக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: அந்த மாத்திரையை யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? உடனே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாளைக்கே காய்ச்சல் வந்து, ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் எடுத்தால், அரைகுறை ஆன்டிபயாட்டிக் கிருமியை மறைத்துவிடக்கூடும்.

பூஞ்சையை விடுங்கள். சாப்பிடுவதற்கென்றே வளர்ப்பது அது. பெயர் பென்சிலியம் என்றாலும், மருந்துப் பென்சிலினை எடுப்பது வேறு இனத்திலிருந்து. ஐந்தாம் மாதத்தில் உப்புசம் யாருக்குத்தான் இல்லை?

நீங்கள் பயப்பட வேண்டியது லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவுக்கு. பூஞ்சை சீஸின் புளிப்பைத் தின்றுவிடுவதால், தோலை ஒட்டிய பகுதி இந்த பாக்டீரியாவுக்கு வசதியாகிவிடுகிறது. ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். 1980களில் சுவிட்சர்லாந்தில் வாஷரான் மோந்தோர் என்ற மென்சீஸால் பலர் இறந்தார்கள். கிருமி இருந்தது அதன் தோலில்தான். தோழியிடம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். 'லே க்ரூ' என்று போட்டிருந்தால் காய்ச்சாத பாலில் செய்தது, ஆபத்து கூடுதல். பாஸ்டரைஸ் செய்த பால் என்றால் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இப்போதைக்குப் பரிசோதனை எதுவும் வேண்டாம். அடுத்த இரண்டு மாதத்துக்குத் தெர்மாமீட்டர் கையருகே இருக்கட்டும். 38 டிகிரியைத் தொட்டால், உடம்புவலியோடு சாதாரண ஃப்ளூ மாதிரிதான் இருக்கும். தாய்க்கு லேசாக வந்துபோகும் இந்தக் காய்ச்சலில்தான் கருவை இழக்கிறோம். தொலிப்ரான் என்ற பாரசிட்டமால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே, ராத்திரியானாலும், மகப்பேறு அவசரப் பிரிவுக்குப் போய், சீஸ் சாப்பிட்டதைச் சொல்லுங்கள். பென்சிலின் ஒவ்வாமையை அங்கே சொல்வதுதான் முக்கியம். இதற்கு முதலில் கொடுப்பது அமாக்சிசிலின், அதுவும் பென்சிலின் குடும்பம். உங்களுக்கு மாற்று மருந்து பார்க்க வேண்டியிருக்கும்.

சரி, பிரசவம் வரை தோலை மட்டும் சீவிவிட்டுச் சாப்பிடலாமா? கமாம்பேர், பிரீ போன்றவற்றில் அது போதாது. அடுப்பில் கொதிக்கக் கொதிக்க வெந்தால் பரவாயில்லை. ஆசையாக இருந்தால் கொம்தே, எமென்டால் போன்ற கெட்டி சீஸை வாங்கி, தோலை வெட்டி எறிந்துவிட்டுச் சாப்பிடுங்கள்.