கையைத் தொங்கவிட்டு பிரஷர் பார்க்காதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

ரத்தக் குழாயின் உள்விட்டம் பாதியானால் ஓட்டமும் பாதியாகுமா?

பாதி இல்லை, பதினாறில் ஒரு பங்கு. அழுத்தம் மாறாதவரை ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. குழாய் 20 சதவீதம் விரிந்தாலே ஓட்டம் இரட்டிப்பாகிவிடும். உறுப்புக்குள் ரத்தத்தைக் கொண்டுபோகும் மிகச் சிறிய தமனியான நுண்தமனியின் தசையைக் கொஞ்சம் இறுக்கியோ தளர்த்தியோ உடல் ஒவ்வோர் உறுப்புக்கும் ரத்தத்தைக் கூட்டிக் குறைப்பது இதனால்தான்.

120/80 என்றால் சராசரி 100தானே?

இல்லை, சுமார் 93. ஒரு துடிப்பில் இதயம் சுருங்கும் நேரத்தைவிடத் தளர்ந்திருக்கும் நேரம் அதிகம். அதனால் கீழ் அளவோடு வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கூட்ட வேண்டும்.

தந்துகிகள் எனும், திசுக்களுக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள்தானே மிகக் குறுகலானவை? தடையும் அங்கேதானே அதிகம் இருக்க வேண்டும்?

நல்ல கேள்வி. ஒற்றைத் தந்துகியை எடுத்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அவை கோடிக்கணக்கில் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. வழிகள் பெருகப் பெருக மொத்தத் தடை குறையும். நுண்தமனிகள் எண்ணிக்கையில் அதைவிட மிகக் குறைவு என்பதால், அழுத்தம் பெரிதாக விழுவது அங்கேதான். நுழையும்போது 85 போல இருப்பது வெளியே வரும்போது 35க்கு வந்துவிடும். அப்புறம் தந்துகிகளில் ரத்தம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் நகரும். பிராணவாயு திசுவுக்குள் இறங்க அந்த நிதானம் தேவை.

எனக்கு பிரஷர் 150 இருக்கிறது. ஆபத்தா? மாத்திரையை இரண்டாக்கிக்கொள்ளலாமா?

கூடாது. முதலில், கீழ் அளவு எங்கே? எப்போது, எப்படி உட்கார்ந்து, எத்தனை முறை பார்த்தீர்கள்? இது எதையும் எழுதாமல் கேட்டால் என்ன பதில் சொல்வது?

பெரும்பாலும் நடப்பதைச் சொல்கிறேன். மாடிப்படி ஏறி வந்தவர் மூச்சு அடங்குமுன் நாற்காலியில் உட்கார்கிறார். முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள். கை நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பட்டையில் காற்று ஏறும்போதே "தூக்கம் எப்படி?" என்று கேட்க, அவரும் பதில் சொல்கிறார். அங்கே வரும் எண்ணை நம்பி வாழ்நாள் மருந்து தொடங்குகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

கை இதய மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் அளவு 7, 8 கூடும். அது அந்த உயரத்து ரத்தத்தின் எடை, நோயல்ல. பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் 10, சிலருக்கு அதற்கும் மேல் கூடுதலாகக் காட்டும். பேசினால் ஏறும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் ஏறும். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதங்கள் தரையில் ஊன்றட்டும், கையை இதய மட்டத்தில் மேசைமேல் வையுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். காலையும் மாலையும் ஒரு வாரம் எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே ஓர் அளவை வைத்து மாத்திரையைத் தொடாதீர்கள்.

ஒரு விலக்கு: மேல் அளவு 180ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நுரையீரலுக்கும் அதே அளவு ரத்தம்தானே போகிறது? அங்கே அழுத்தம் ஏன் குறைவு?

தடை குறைவு, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் நிமிடத்துக்கு 5 லிட்டர். ஆனால் நுரையீரல் தமனியில் 25/10 போதும். இதயத்தின் வலது கீழறைச் சுவர் மெலிதாக இருப்பதும் அதனால்தான்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். சட்டென்று எழுந்தால் கண் இருட்டுகிறது. நிறுத்திவிடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுந்ததும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால், வயிற்றுச் சிரைகளில் தங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பி வருவது குறையும். கழுத்துத் தமனியில் இருக்கும் உணரிகள் அதைக் கண்டுகொண்டு துடிப்பைக் கூட்டி, நுண்தமனிகளை இறுக்கிச் சரிசெய்யும். வயதாலோ, மாத்திரையாலோ, போதிய தண்ணீர் குடிக்காததாலோ இது தாமதமாகலாம். படுத்தபடி ஒரு முறையும், எழுந்து ஒன்றாம், மூன்றாம் நிமிடங்களிலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அந்த எண்களோடு மருத்துவரைப் பாருங்கள். அதுவரை படுக்கை ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள்.