எடையற்ற நிலைக்குத் தரையிலேயே எப்படிப் பழகுகிறார்கள்?

கேள்வி: விண்வெளி வீரர்கள் பூமியில் இருந்தபடியே எடையற்ற நிலைக்கு எப்படிப் பயிற்சி எடுக்கிறார்கள்? புவியீர்ப்பை நிறுத்தி வைக்கும் அறை ஏதாவது இருக்கிறதா?

அப்படி ஓர் அறை கிடையாது. புவியீர்ப்பை யாராலும் நிறுத்த முடியாது. சர்வதேச விண்வெளி நிலையம் பறக்கும் 400 கி.மீ. உயரத்தில்கூட, தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீத ஈர்ப்பு இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் மிதக்கிறார்கள்.

அப்படியானால் தரையில் என்ன வழி? விழ வேண்டும். இதைச் செய்வது விமானம். சுமார் 45 முதல் 50 டிகிரி வரை மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும். ஏறும்போது உள்ளே இருப்பவர்களின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். பிறகு விமானி இன்ஜின் விசையைக் குறைத்து, வீசியெறிந்த கல் போல வளைந்து போகும்படி விமானத்தை ஓட்டுவார். அந்த 20, 22 விநாடிகள் உள்ளே இருக்கும் எல்லாமே மிதக்கும். போலி அல்ல, அசல் எடையற்ற நிலை. அப்புறம் மீண்டும் இரட்டை எடை, மீண்டும் ஏற்றம். பிரான்சின் போர்தோவிலிருந்து கிளம்பும் ஏர்பஸ் ஏ310 ஒரே பயணத்தில் இதை 31 முறை செய்கிறது. நாசாவின் பழைய கேசி-135 விமானத்துக்கு ‘வாந்தி விமானம்’ என்ற பொருளில் பட்டப்பெயரே உண்டு. ஆனால் 22 விநாடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்டிப் பழக முடியுமா? உடம்புக்கு அந்த உணர்வை அறிமுகப்படுத்தலாம், அவ்வளவுதான்.

மணிக்கணக்கில் வேலை பழக வேண்டுமென்றால் தண்ணீர்தான். இதன் அருமை 1966இல் புரிந்தது. ஜூனில் நாசாவின் ஜெமினி 9 விண்கலத்திலிருந்து விண்வெளியில் வெளியே வந்த வீரர் யூஜின் செர்னன், பிடிமானம் இல்லாமல் இரண்டு மணி நேரம் போராடினார். இதயத்துடிப்பு எகிறியது, ஹெல்மெட் கண்ணாடி ஆவி படிந்து மறைத்தது; திட்டமிட்ட சோதனையைக் கைவிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் ஜெமினி 12இல் போன பஸ் ஆல்ட்ரின் முன்கூட்டியே நீச்சல் குளத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். கலத்தில் கைப்பிடிகளும் கால் மாட்டிகளும் கூடுதலாக வைத்திருந்தார்கள். மூன்று முறை, மொத்தம் ஐந்தரை மணி நேரம், வெளியே நிதானமாக வேலை பார்த்தார்.

ஒருமுறை நீச்சல் குளத்தில் மூச்சடக்கி மூழ்கி, ஏணியில் தளர்ந்திருந்த திருகு ஒன்றைக் கையால் முறுக்கிப் பார்த்தேன். திருகு அசையவில்லை, நான்தான் சுழன்றேன். இன்னொரு கையால் கம்பியைப் பிடித்த பிறகே அது நகர்ந்தது. செர்னனின் சிரமத்தை நான் உண்மையில் புரிந்துகொண்டது அன்றுதான்.

இன்று ஹூஸ்டனில் இருக்கும் நாசா குளம் 62 மீட்டர் நீளம், 31 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். சுமார் 2.35 கோடி லிட்டர் தண்ணீர். விண்வெளி நிலையத்தின் பகுதிகளை முழு அளவில் செய்து உள்ளே இறக்கி வைத்திருக்கிறார்கள். வீரர் 120 கிலோவுக்கும் மேல் எடையுள்ள உடையோடு கிரேனில் இறங்குவார். அடுத்து நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். டைவர்கள் அவரைச் சுற்றி நின்று, உடையின் பைகளில் எடைக்கட்டிகளையும் ஃபோம் துண்டுகளையும் வைத்து எடுத்து வைத்து எடுத்துச் சரிபார்ப்பார்கள். மேலே எழும்பவும் கூடாது, கீழே போகவும் கூடாது. அது மட்டும் போதாது: எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அப்படியே நிற்க வேண்டும், தானாகப் புரளக் கூடாது. அதற்குப் பிறகுதான் பயிற்சி ஆரம்பம். ஆறு மணி நேரம் வரை நீளும்.

ஆனால் தண்ணீரும் முழு உண்மையைச் சொல்வதில்லை. உடைதான் மிதக்கிறது, உள்ளே இருப்பவருக்குப் புவியீர்ப்பு அப்படியே இருக்கிறது. தலைகீழாகத் திருப்பினால் ரத்தம் தலைக்கு ஏறும், முழு எடையும் தோளில் இறங்கும். இதனால் தோள்பட்டை காயங்கள் நிறைய ஏற்பட்டிருக்கின்றன. அதோடு, தண்ணீரின் எதிர்ப்பு ஒவ்வொரு அசைவையும் சீக்கிரம் நிறுத்திவிடும். விண்வெளியில் ஒரு பெரிய பெட்டியைத் தள்ளிவிட்டால் அது போய்க்கொண்டே இருக்கும். நிறுத்துவதும் நம் வேலைதான்.

அந்தக் குறையை ஈடுகட்ட ஒரு வழவழப்பான தளம் இருக்கிறது. கனமான பொருளுக்கு அடியில் காற்றைப் பீய்ச்சித் தரைக்குச் சற்று மேலே நிற்க வைப்பார்கள். பவுடர் தூவிய பலகையில் கேரம் காய் போல வழுக்கிக்கொண்டு போகும். மெல்லத் தள்ளவும் முன்கூட்டியே நிறுத்தவும் அங்கே பழகுகிறார்கள். இவை தவிர, கயிற்றில் தொங்கவிட்டு எடையைக் குறைக்கும் கருவிகளும், விண்வெளியைக் கண்முன் காட்டும் விஆர் (மெய்நிகர்) கண்ணாடிகளும் உண்டு.

பயிற்சிக்குப் பிடிபடாத ஒன்றும் இருக்கிறது. காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு, மேலே போன முதல் சில நாட்கள் குழம்பித்தான் போகும். இத்தனை பயிற்சிக்குப் பிறகும் பாதிக்கும் மேற்பட்ட வீரர்களுக்குக் குமட்டலும் தலைசுற்றலும் வருகின்றன. அதனால் போய்ச் சேர்ந்த உடனே யாரையும் வெளியே வேலைக்கு அனுப்பாமல், உடம்பு பழக நாள் கொடுக்கிறார்கள்.