புது இறாலுக்குப் பெயர் வைக்க ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: தூத்துக்குடியில் கடல் உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கொல்லம் சக்திகுளங்கரையில், ஆழ்கடல் மடியில் (இழுவலையில்) வந்த சங்காயத்தில், அதாவது விலைபோகாத கழிவு மீனில், மூன்று சிவப்பு இறால்கள் கிடைத்தன. பிளெசியோனிகா பேரினம் என்று தெரிகிறது. ஆனால் என்னிடம் உள்ள எந்தக் கையேட்டிலும் இருக்கும் இனத்தோடு பொருந்தவில்லை. இரண்டை ஃபார்மலினில் போட்டேன், ஒன்று ஐஸ் பெட்டியில் இருக்கிறது. ஓர் 'ஆய்வு உதவி மையம்' 38,000 ரூபாய்க்குப் பதினைந்து நாளில் புதிய இனமாக வெளியிட்டுத் தருகிறோம் என்கிறது. அதில் ஜூபேங்க் பதிவுக்கு 6,000, ஜென்பேங்க் எண்ணுக்கு 4,000. தாமதித்தால் வேறு யாராவது முந்திவிடுவார்களாம். பணம் கட்டலாமா? இறாலுக்கு என் அப்பா பெயரை வைக்க முடியுமா?

பதில்: கட்டாதீர்கள். அவர்கள் போட்ட கணக்கே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. ஜூபேங்க் என்பது விலங்குப் பெயர்களுக்கான அதிகாரபூர்வ இணையப் பதிவேடு. அதில் பதிவு செய்ய ஒரு பைசா கிடையாது. ஜென்பேங்க் அமெரிக்க அரசு மையம் ஒன்று நடத்தும் மரபணுத் தரவகம், அதுவும் இலவசம்தான். நீங்களே உட்கார்ந்து ஒரு மாலையில் முடிக்கக்கூடிய இரண்டு வேலைக்குப் பத்தாயிரம் கேட்கிறார்கள். மீதி 28,000 எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஐஸ் பெட்டியைக் கவனியுங்கள். அதிலிருக்கும் இறாலை இன்றே எடுத்து, கறுப்புத் துணிமேல் வைத்து, அளவுகோலோடு பக்கவாட்டிலும் மேலிருந்தும் படம் எடுங்கள். உடலில் எங்கே வரி, எங்கே புள்ளி, காலில் பட்டை உண்டா, முட்டை என்ன நிறம் என்று பார்த்தபடியே எழுதிவிடுங்கள். இந்தப் பேரினத்தில் நார்வால் கூட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதில் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற இனங்களை உடல் வரிகளை வைத்துத்தான் பிரித்தார்கள். எத்தனாலில் போட்டால் சில நாளில் எல்லாம் வெளுத்துவிடும். படம் எடுத்தபின் ஒரு பக்கத்து நீச்சல் காலில் சிறு துண்டு வெட்டித் தனிக் குப்பியில் 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். மறுபக்கத்தைத் தொடாதீர்கள், படம் வரைய அது வேண்டும். ஃபார்மலினில் போட்ட இரண்டிலும் மரபணுச் சோதனையை மறந்துவிடுங்கள். உடலமைப்புக்கு அவை நன்றாகவே உதவும்.

அடுத்து, கையேட்டில் இல்லை என்பதால் புது இனம் ஆகிவிடாது. உலகத்தில் ஏறக்குறைய நூறு பிளெசியோனிகா இனங்கள் உண்டு, நம் கையேடுகளில் இருப்பது ஒரு கைப்பிடி. கேரளக் கடலில் டன் கணக்கில் பிடித்து ஏலம் போட்ட ஓர் இறாலையே வெகுகாலம் பிளெசியோனிகா ஸ்பினிபெஸ் என்று எழுதிவந்தோம். பிறகு நிதானமாகப் பார்த்தபோது அது 1985இல் விலங்கியலாளர் சேஸ் விவரித்த குவாசிகிராண்டிஸ் என்று தெரிந்தது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பிரிட்டிஷ் இந்தியாவின் கடலாய்வுக் கப்பலான இன்வெஸ்டிகேட்டரின் சேகரிப்பை ஆராய்ந்த விலங்கியலாளர் ஆல்காக், ஒரு செவ்விறாலை ஏற்கெனவே பெயருள்ள இனம் என்று நினைத்து விட்டுவிட்டார். 1938இல் ரமதான் அதைத் தனி இனமாகப் பிரித்து ஆல்காக்கின் பெயரையே வைத்தார். அரிஸ்டியஸ் ஆல்காக்கி என்று இன்று ஏற்றுமதியாவது அதுதான்.

ஆகவே உலகக் கடலுயிர்ப் பெயர்களைத் தொகுக்கும் வோர்ம்ஸ் தரவுத்தளத்தில் பேரினத்தின் முழுப் பட்டியலையும் எடுத்து, ஒவ்வொன்றின் மூல விவரிப்பையும் தேடிப் படியுங்கள். தலைக்கு முன் ஈட்டிபோல் நீளும் ரோஸ்ட்ரத்தின் மேலும் கீழும் எத்தனை பற்கள், இரண்டாம் காலின் மணிக்கட்டுப் பகுதி எத்தனை கணுக்களாகப் பிரிந்திருக்கிறது, இடமும் வலமும் சமமா, மூன்றாம் காலின் நக நுனியில் துணை நகம் உண்டா என்று எண்ணி அட்டவணை போடுங்கள். ரோஸ்ட்ரம் முறிந்த உடலில் பல் எண்ணிக்கையை ஊகித்து எழுதவே கூடாது. மடியில் அடிபட்டு வருவதில் பாதிக்கு மேல் முறிந்துதான் இருக்கும். முழுசாக இருப்பது எதுவோ அதுதான் ஹோலோடைப், அதாவது பெயரைத் தாங்கும் அந்த ஒரே உடல். மூன்றுதானே இருக்கிறது என்று கவலைப்படாதீர்கள். பசிபிக் கடலின் அட்டகாமா அகழியில் 7,902 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த டல்சிபெல்லா கமஞ்சாக்கா என்ற இறால்போன்ற கொன்றுண்ணியை நான்கே உடல்களை வைத்து 2024இல் விவரித்தார்கள்.

ஏலக்கூடத்தில் எடுத்த மாதிரிக்கு இடம் எழுதுவது ஒரு தலைவலி. 'கொல்லம் துறைமுகம்' என்று எழுதினால் இறால் ஜெட்டியில் வாழ்ந்ததாக ஆகிவிடும். அந்தப் படகின் டிரைவரைப் பிடித்து, மடி போட்ட இடத்தின் ஜிபிஎஸ் அளவையும் எக்கோ சவுண்டர் காட்டிய ஆழத்தையும் கேளுங்கள். லேசில் சொல்லமாட்டார்கள், அது அவர்கள் தொழில் ரகசியம். பக்கத்துப் படகுக்காரரிடம் சொல்லமாட்டேன் என்று உறுதி கொடுத்துக் கேளுங்கள்.

சரி, 'முந்திவிடுவார்கள்' என்ற பூச்சாண்டிக்கு வருவோம். பெயருக்கு முன்னுரிமை முதலில் வெளியிட்டவருக்குத்தான், உண்மை. ஆனால் விதிப்படி வெளியிட்டிருக்க வேண்டும். விலங்குப் பெயரிடலுக்கான சர்வதேச விதித்தொகுப்பு 2012இல் திருத்தப்பட்டது. 2011க்குப் பிறகு இணையத்தில் மட்டும் வரும் கட்டுரை என்றால் வெளியாகும் முன்பே ஜூபேங்கில் பதிந்திருக்க வேண்டும், பதிந்த சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும், கட்டுரை நிரந்தரமாக எங்கே காக்கப்படும் என்பதும் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயர் விதியின் கண்ணில் பிறக்கவே இல்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஏஜென்ட்கள் புகுந்து விளையாடுவது அந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். காகிதத்தில் அச்சாகி வந்தால் ஜூபேங்க் பதிவு கட்டாயமில்லை. 'எங்களுடையது அச்சு இதழ் மேடம், ஐஎஸ்எஸ்என் இருக்கிறது' என்பார்கள். ஐஎஸ்எஸ்என் வெறும் அடையாள எண், அது தரச் சான்று இல்லை. அச்சு என்றால் ஒரே மாதிரியான பல பிரதிகள் ஒருசேர அச்சாகி, பொதுமக்கள் விலைக்கோ இலவசமாகவோ வாங்கக்கூடியபடி வெளியாகியிருக்க வேண்டும். நீங்கள் கேட்டபின் கலர் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கூரியரில் அனுப்பும் ஐந்து பிரதி அச்சு ஆகாது. அப்படியே உண்மையான அச்சு இதழ் ஒரு வருடம் கழித்து வந்தாலும், பெயரின் தேதி அச்சான தேதிதான், பதிவில்லாமல் இணையத்தில் ஏற்றிய தேதி இல்லை. இடைப்பட்ட அந்த ஒரு வருடத்தில் உங்கள் படம், அளவு எல்லாம் ஊருக்கே தெரியும். வேறொருவர் முறையாக வெளியிட்டால் பெயர் அவருடையது. முந்துவதற்காகக் கட்டிய பணமே உங்களைப் பின்னால் தள்ளிவிடும்.

முறையான ஆய்வாளர்களுக்கிடையே இன்னொரு பண்பும் உண்டு. இன்னார் இந்த இனத்தை விவரித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் குறைந்தது ஒரு வருடம் அவருக்கு வழிவிட வேண்டும் என்று அந்த விதித்தொகுப்பின் பின்னிணைப்பே சொல்கிறது. ஆகவே ஒளித்துவைக்காமல் துறை நிபுணர் ஒருவருக்கு இப்போதே எழுதுங்கள். படத்தை மட்டும் அனுப்புங்கள். உடலைக் கூரியரில் வெளிநாட்டுக்கு அனுப்பினால் தரமணியில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி விவகாரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். தீசிஸிலும் கருத்தரங்கச் சுருக்கத்திலும் பெயரை எழுதாமல் 'பிளெசியோனிகா இனம் 1' என்று விடுங்கள். பத்திரிகைக்காரர்களிடம் மூச்சு விடாதீர்கள்.

மீதி 28,000க்கு வருகிறேன். அந்தப் பணத்தைக் கட்டியபின் உங்கள் கட்டுரையில் உங்களுக்குத் தெரியாத நான்கு பேர் ஆசிரியர்களாக வந்து உட்கார்வார்கள். அந்த இடங்களையும் தனியாக விற்றிருப்பார்கள். வேறு துறையில் இது ஒரு மோசடியோடு முடியும். இங்கே இனப்பெயருக்குப் பின்னால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த இறாலை யார் எந்த நாட்டில் முறையாகக் குறிப்பிட்டாலும் அந்தப் பெயர்கள் சேர்ந்தே வரும், பிறகு அழிக்க வழியில்லை. இந்தக் கடைகள் முளைத்ததற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்லமாட்டேன். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்பதை யுஜிசி 2022இல் நீக்கியது. துறைகளும் கைடுகளும் இன்னும் எண்ணிக்கைதான் கேட்கிறார்கள். யுஜிசி தான் ஏற்கும் இதழ்களுக்குப் போட்ட கேர் பட்டியலில் இருக்க வேண்டும் என்றார்கள், 2025இல் யுஜிசி அந்தப் பட்டியலையே கைவிட்டது. புதிய விலங்கினங்களை மிக அதிகமாக வெளியிடும் ஜூடாக்ஸா இதழுக்கே 2020இல் இம்பாக்ட் ஃபேக்டரை (மேற்கோள் எண்ணிக்கையை வைத்து இதழுக்குப் போடும் மதிப்பெண்ணை) நிறுத்திவைத்து, கூச்சல் எழுந்தபின் திருப்பிக் கொடுத்தார்கள். வகைப்பாட்டியலுக்கு இப்படி ஒரு மதிப்பெண் போட்டால் ஏஜென்ட் வராமல் என்ன செய்வான்?

நீங்கள் அந்த ஜூடாக்ஸாவுக்கே அனுப்பலாம், திறந்தவெளி வாசிப்பு கேட்காவிட்டால் கட்டணமில்லை. அனுப்பும் முன் ஹோலோடைப்பை ஒப்படைத்துப் பதிவெண் வாங்கிவிடுங்கள். 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, புதிய இனம் கண்டவர் அரசு அறிவித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை அங்கே வைத்தாக வேண்டும். கொல்கத்தாவில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படியொன்று. உங்கள் துறை அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்தால், நீங்கள் போனபின் வரும் லேப் அசிஸ்டென்ட் அதைக் கொட்டிக் கழுவிவிடுவார்.

அப்பா பெயர் தாராளமாக வைக்கலாம். ஆண் பெயர் என்பதால் கடைசியில் 'இ' சேரும், ஆல்காக் ஆல்காக்கி ஆனதுபோல. யார், ஏன் என்று கட்டுரையில் ஒரு வரி எழுதினால் போதும். அப்புறம், அந்த மையம் மறுபடி அழைத்தால் ஹோலோடைப்பை எந்தக் காப்பகத்தில் எந்த எண்ணில் வைப்பீர்கள் என்று கேளுங்கள். முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் அதையும் அந்த அழைப்பிலேயே திருப்பிக் கேளுங்கள்.