முதலாளி போனால் வேலையும் போய்விடுமா?

கேள்வி: சோசலிச சமூகத்தில் முதலாளியே இருக்கமாட்டார் என்று எழுதுகிறீர்கள். என் அம்மா முப்பது வருடம் பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார். கம்பெனி முதலாளி இல்லையென்றால் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது. முதலாளி இல்லாவிட்டால் வேலையும் கூலியும் யார் தருவார்கள்?
– வாசகர், தென்காசி

பதில்: அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தார் என்று எழுதிய நீங்களே, அடுத்த வரியில் அந்தப் பெருமையைத் தூக்கி முதலாளி கையில் கொடுத்துவிட்டீர்களே! உங்கள் அடுப்பை எரிய வைத்தவை அம்மாவின் விரல்கள்.

சரி, பீடியை வைத்தே பேசுவோம். பீடித் தொழிலாளர்களுக்கு விடுப்பு, வேலைநேரம் போன்ற உரிமைகளைத் தரும் சட்டம் 1966-ல் வந்தது. 1968-ல் கேரள அரசு அதை அமல்படுத்தியதும், மங்களூரைச் சேர்ந்த பெரிய பீடி முதலாளிகள் கண்ணூர்ப் பக்கம் இருந்த தங்கள் பீடிக்கூடங்களை மூடிவிட்டுப் போனார்கள். ஏறத்தாழ 12,000 பேருக்கு வேலை போயிற்று. நீங்கள் பயப்படுகிற அதே நிலைமை.

அப்புறம் என்ன நடந்தது? சுற்றத் தெரிந்த கைகள் அங்கேயே இருந்தன. பீடி வாங்குகிறவர்களும் இருந்தார்கள். இல்லாமல் போனது முதல் போடுகிற பணம் மட்டும்தான். அரசு கடன் கொடுத்தது, தொழிலாளர்கள் பங்கு சேர்ந்தார்கள். 1969 பிப்ரவரியில் சுமார் 3,000 பேரோடு தினேஷ் பீடி கூட்டுறவு தொடங்கியது. பிற்பாடு அதில் 30,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். வருங்கால வைப்பு நிதி, பிரசவ விடுப்பு, போனஸ் எல்லாம் கிடைத்தன. தனியார் கம்பெனிகளைவிடக் கூலியும் அதிகம்.

அந்தக் கூடங்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிப்பார். அவர் சுற்றவேண்டிய பீடியை மற்றவர்கள் சேர்த்துச் சுற்றிக் கொடுப்பார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். உலக நடப்பை இப்படி உட்கார்ந்து விவாதித்தவர்களுக்கு ஒரு பீடிக்கூடத்தை நடத்தவா தெரியாது? உங்கள் அம்மாவோ வீட்டில் தனியாக உட்கார்ந்து சுற்றியிருப்பார்.

புகைப்பவர்கள் குறைந்தபோது தினேஷும் சுருங்கியது. குறைந்த கூலி கொடுத்துச் சுற்ற வைத்த தனியார் பீடியோடு விலையில் போட்டிபோட முடியாமல் திணறியது. ஆனாலும் கடையை இழுத்து மூடிவிட்டு ஓடவில்லை. குடை, மசாலாப்பொடி, ஆயத்த ஆடை என்று வேறு தொழில்களில் இறங்கியது. சுற்றிலும் முதலாளிகளின் சந்தை இருக்க, நடுவில் ஒரு கூட்டுறவு மட்டும் இருந்தால் அது சோசலிசம் ஆகிவிடாது. அடுத்து எந்தத் தொழிலில் பணம் போடுவது, நலிந்த தொழிலில் இருப்பவர்களை எங்கே அமர்த்துவது என்பதையும் சமூகமே கூடி முடிவுசெய்ய வேண்டும். முதலாளியின் நாற்காலியில் ஓர் அதிகாரியை உட்கார வைப்பதும் சோசலிசம் இல்லை. தொழிலாளி கணக்கைப் புரட்டிப் பார்க்க முடியவேண்டும், நிர்வாகியை ஓட்டுப் போட்டு மாற்ற முடியவேண்டும்.

அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். சரியில்லை என்று கழித்துப்போட்ட பீடிக்கு எப்போதாவது கூலி கிடைத்ததா? கழிப்பதை முடிவுசெய்தவர்கள் யார்? அவர் சொல்வதை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழிலேயே வெளியிடுகிறேன்.